ஹபீப் ரஹ்மான் கட்டடங்களை சுத்திப் பாக்க தமிழ்லயே ஒரு டெல்லி வாக்: என் ரிவ்யூ

டெல்லில சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல வளந்த தமிழ் ஆளுங்களுக்கும், வீட்டுல ப்ளஸ் டூ படிச்சிட்டு ஆர்க்கிடெக்சர் போலாமா வேணாமான்னு யோசிக்கிற பசங்க இருக்கறவங்களுக்கும் இந்த ரிவ்யூ ரொம்ப உதவும்னு நினைக்கிறேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். ஆர்.கே.புரம் பக்கம் இருக்கற நாலஞ்சு தமிழ் குடும்பங்கள் சேந்து நடத்துற வாக் இது, குழுவுக்கு பேருன்னு ஒன்னும் வைக்கல, வாட்ஸப்ல தான் தகவல் வருது. ஞாயித்துக்கிழமை காலைல மண்டி ஹவுஸ்ல ஆரம்பிச்சு மதியம் ஐடிஓல முடியுது. தலைக்கு 500 ரூபா, ஸ்கூல் பசங்களுக்கு பாதி, மெட்ரோ நம்ம செலவு, நடுவுல புளியோதரை பொட்டலமும் பிளாஸ்க் காபியும் அவங்களே தராங்க (புளியோதரை நிஜமாவே நல்லா இருந்துச்சு). என் மார்க் அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

வாக்கை நடத்துறவர் சிபிடபிள்யூடில (மத்திய பொதுப்பணித் துறை) ஆர்க்கிடெக்டா இருந்து ரிட்டயர் ஆன கும்பகோணத்துக்காரர், எல்லாரும் சார்னு தான் கூப்பிடறாங்க. டெல்லில ஹெரிடேஜ் வாக்னா ஹுமாயூன் சமாதி, லோதி கார்டன், ஷாஜஹானாபாத், மிஞ்சிப் போனா பிரிட்டிஷ் காலத்து லட்யன்ஸ் பங்களா. சுதந்திரத்துக்கு அப்புறம் கட்டினத பாக்க கூட்டிட்டு போறவங்க ரொம்ப கம்மி, அதுலயும் மாச சம்பளம் வாங்கிட்டு பைல்ல கையெழுத்து போட்ட ஒரு சர்க்கார் ஆர்க்கிடெக்டோட வேலைய மட்டும் எடுத்து ஒரு காலை முழுக்க சொல்றாங்கன்னதும் எனக்கு ஆர்வம் வந்துச்சு, பொண்ணையும் கூட்டிட்டு போனேன்.

ஹபீப் ரஹ்மான் யாருன்னு தெரியாதவங்களுக்கு: 1915ல கல்கத்தால பொறந்தவர். ஷிப்பூர் பெங்கால் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சிட்டு அமெரிக்கா போயி எம்ஐடில ஆர்க்கிடெக்சர் முடிச்சாரு, 1944ல மாஸ்டர்ஸ். ஜெர்மனில பௌஹவுஸ்ன்ற டிசைன் ஸ்கூல ஆரம்பிச்ச வால்டர் க்ரோபியஸோட ஆபீஸ்ல வேலை பாத்தவரு. அப்படி ஒரு ஆளு அங்கயே செட்டில் ஆகாம 1946ல திரும்பி வந்து வங்க சர்க்கார்ல ஆர்க்கிடெக்டா சேந்தாரு. பாரக்பூர் காந்தி காட் அவரு டிசைன், கோயில் கோபுரம், மசூதி, சிலுவை மூணோட ஜாடையும் ஒரே சின்னத்துல வர்ற மாதிரி. 1949 ஜனவரில நேரு அத திறந்து வெச்சாரு, அப்ப கண்ணுல பட்ட ஆளு தான், 1953ல டெல்லிக்கு சிபிடபிள்யூடிக்கு வந்துட்டாரு. 1970லருந்து 74 வரைக்கும் அதோட சீஃப் ஆர்க்கிடெக்ட், அப்புறம் 77 வரைக்கும் டெல்லி அர்பன் ஆர்ட் கமிஷன் செக்ரட்டரி. பத்மஸ்ரீ 1955, பத்மபூஷன் 1974, காலமானது 1995ல. கிட்டத்தட்ட முழு வாழ்க்கையும் சர்க்கார் வேலை தான்.

முதல் ஸ்டாப் ரவீந்திர பவன். ஃபெரோஸ்ஷா ரோடு முனைல மண்டி ஹவுஸ் ரவுண்டானாவ பாத்த மாதிரி நிக்குமே அதே கட்டடம், சாகித்ய அகாடமி, சங்கீத நாடக அகாடமி, லலித் கலா அகாடமி மூணும் அதுக்குள்ள தான் இருக்கு. தாகூர் நூற்றாண்டுக்காக 1961ல கட்டினது. ரஹ்மான் முதல்ல போட்ட பிளான் நேருவுக்கு பிடிக்கல, தாகூர் பேருல வர்றது வெறும் ஆபீஸ் மாதிரி இருந்தா எப்படின்னு திருப்பி அனுப்பிட்டாரு. சார் இந்த எடத்துல ரொம்ப நேரம் நிறுத்தி சொன்னாரு, அது தான் இந்த வாக்கோட உயிருன்னு எனக்கு பட்டுச்சு. ஏன்னா ரஹ்மான் அது வரைக்கும் கட்டினதெல்லாம் அமெரிக்கால கத்துக்கிட்ட வழில நேர்கோடும் சதுரமுமா இருக்கறது, கல்கத்தால ஸ்டீல் ஃப்ரேம்ல நிக்கற நியூ செக்ரட்டேரியட்ட பாத்தா தெரியும். ரவீந்திர பவன்ல தான் டெல்லி கல்லு உள்ள வருது, மாடிக்கு மாடி நல்லா நீட்டி விட்ட சன்ஷேடு வருது, ஜாலின்னு சொல்ற துளை வெச்ச தடுப்பு வருது. பழைய ராஜா கோட்டை மாதிரி அலங்காரம் பண்ணி ஒட்ட வெக்கல, டெல்லி மே மாச வெயிலுக்கு என்ன வேணுமோ அத மட்டும் எடுத்துக்கிட்டாரு. சன்ஷேடுக்கு கீழ நின்னு மேல பாருங்கன்னு சார் சொல்லி எல்லாரையும் நிக்க வெச்சாரு, சூரியன் உச்சில இருக்கறப்ப நிழல் ஜன்னல எவ்வளவு தூரம் மூடும், குளிர்காலத்துல சாஞ்ச வெயில் எப்படி உள்ள வரும்னு கைய வெச்சே காட்டினாரு. நான் எத்தனையோ வாட்டி அந்த வழியா தமிழ் புத்தகம் தேடி சாகித்ய அகாடமி லைப்ரரிக்கு போயிருக்கேன், அந்த சுவர யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காருன்ற நினைப்போட பாக்கறது தனி சந்தோஷம்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம். ரஹ்மானோட மனைவி தான் இந்திராணி ரஹ்மான், சென்னைல பொறந்தவங்க, 1952 மிஸ் இந்தியா, சொக்கலிங்கம் பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டவங்க, ஒடிசி நடனத்த வெளி உலகத்துக்கு கொண்டு போனதுல அவங்களுக்கு பெரிய பங்கு இருக்கு. சங்கீத நாடக அகாடமி விருது அவங்களுக்கு 1981ல கிடைச்சுது, அந்த அகாடமி உக்காந்திருக்கற கட்டடம் புருஷன் போட்டது. சார் இத சொன்னதும் கூட வந்த மாமிங்க எல்லாம் ஒரே கேள்வி, பந்தநல்லூர் பாணியா, எங்கெங்க ஆடினாங்க, யாரு பாட்டுன்னு, கட்டடப் பேச்சு கொஞ்ச நேரம் பரதம் பக்கம் போயி திரும்பி வந்துச்சு. எனக்கு பிடிச்சிருந்துச்சு.

அடுத்து வயலட் லைன் புடிச்சு ஜாமா மஸ்ஜித் ஸ்டேஷன், ஐடிஓ, டெல்லி கேட் தாண்டி மூணாவது ஸ்டாப். வெளில வந்தா மீனா பஜார் பக்கம் மௌலானா ஆசாத் சமாதி. நாட்டோட முதல் கல்வி மந்திரி, 1958 பிப்ரவரில காலமானாரு. ஒரு பக்கம் ஜாமா மஸ்ஜித், இன்னொரு பக்கம் செங்கோட்டை, ரெண்டுக்கும் நடுவுல ஒரு புது கட்டடம் வைக்கணும்னா எந்த ஆர்க்கிடெக்டுக்கும் நடுங்கும். ரஹ்மான் என்ன பண்ணாருன்னா ஜாமா மஸ்ஜித் நடு ஆர்ச்சோட வளைவையே எடுத்து மெல்லிசா ஒரு வெள்ளை கான்கிரீட் விதானமா வெச்சாரு, சுவரே கிடையாது, நாலு பக்கமும் திறந்து கிடக்கு, உயரமும் அடக்கம். தோட்டத்துல நின்னு பாத்தா விதானத்துக்கு பின்னாடி மசூதியோட வளைவு தெரியுது, ரெண்டும் ஒரே குடும்பம்னு யாரும் சொல்லாமயே புரியுது. வெளில ஹார்ன் சத்தம், கபாப் புகை, கூட்டம். எத்தனை பேரு நின்னு பாக்கறாங்கன்னு தான் எனக்கு வருத்தம்.

இதே ஆளு தான் பின்னாடி ஜாமியா மில்லியா காம்பஸ்ல ஜாகிர் ஹுசேன் சமாதியையும் பண்ணினாரு, அங்க துக்ளக் கால சமாதி மாதிரி உள்பக்கமா சாஞ்ச சுவரு. அது ரூட்ல இல்ல, படம் தான் காட்டினாங்க.

இப்ப முக்கியமான பகுதிக்கு வரேன், வேலைய பத்தி. புளியோதரை சாப்பிடற நேரத்துல சார் பசங்கள தனியா உக்கார வெச்சு பேசினாரு, பெத்தவங்க நாங்களும் காத கொடுத்துட்டு இருந்தோம். என் பொண்ணு நேராவே கேட்டுட்டா, "சார், கவர்மென்ட்ல ஆர்க்கிடெக்டா இருந்தா கட்டடத்துல நம்ம பேரு வருமா?" அவரு சிரிக்கல, மழுப்பவும் இல்ல. "பாரும்மா, கல்வெட்டுல திறந்து வெச்ச மந்திரி பேரு வரும். உன் பேரு டிராயிங்ல கீழ வலது மூலைல ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும், அதுலயும் வரைஞ்சவரு, சரி பாத்தவரு, ஒப்புக்கிட்டவருன்னு நாலு கையெழுத்து. அந்த ஷீட்டு ரெக்கார்டு ரூம்ல இருந்தா இருக்கும்." அப்புறம் ஒரு கட்டடம் பைல்ல எப்படி பொறக்குதுன்னு வரிசையா சொன்னாரு, எனக்கு இத யாரும் இவ்வளவு தெளிவா சொன்னதில்ல. எந்த டிபார்ட்மென்டுக்கு எடம் வேணுமோ அவங்க எத்தனை பேரு, எத்தனை ரூம்னு எழுதி அனுப்பணும், ஆர்க்கிடெக்ட் முதல் பிளான் போடணும், பிளிந்த் ஏரியா ரேட்ட (கட்டடப் பரப்புக்கு இவ்வளவுன்னு வெச்ச ரேட்டு) வெச்சு மதிப்பீடு போடணும், நிர்வாக ஒப்புதலும் செலவுக்கு அனுமதியும் வரணும், ஸ்ட்ரக்சுரல் ஆளுங்க, எலக்ட்ரிகல் ஆளுங்க டிராயிங் எல்லாம் சேரணும், டெக்னிகல் சாங்ஷன், அதுக்கு மேல தான் டெண்டர். நடுவுல எந்த எடத்துலயும் யாரு வேணாலும் சன்ஷேட ஒரு அடி குறைச்சா இவ்வளவு மிச்சம்னு எழுதலாம், அப்ப அந்த ஒரு அடிக்காக நோட்டு எழுதி வாதாடறது தான் சர்க்கார் ஆர்க்கிடெக்டோட வேலைல பாதின்னு சொன்னாரு. ரவீந்திர பவன் சன்ஷேடு கீழ நின்னுட்டு வந்து இத கேட்டதும் அந்த நிழலோட விலை என்னன்னு புரிஞ்சுச்சு.

சேர்ற வழியும் சொன்னாரு. பி.ஆர்க் அஞ்சு வருஷம், அதுக்கு நாட்டான்ற நுழைவுத் தேர்வு, இல்லன்னா ஜேஇஇ மெயின்ல ஆர்க்கிடெக்சர் பேப்பர், முடிச்சதும் 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணிக்கணும், அது இல்லாம ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கவே முடியாது. சிபிடபிள்யூடிக்கு யுபிஎஸ்சி வழியா டெபுடி ஆர்க்கிடெக்ட், அங்கருந்து ஆர்க்கிடெக்ட், சீனியர் ஆர்க்கிடெக்ட், சீஃப் ஆர்க்கிடெக்ட். ஊர் திட்டம் பக்கம் போகணும்னா எம்.பிளான் (பிளானிங்ல மாஸ்டர்ஸ்) பண்ணிட்டு டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ, மத்திய அரசோட ஊரமைப்பு அலுவலகமான டிசிபிஓ, நம்ம ஊர்ல சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி. டெல்லில எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்), சென்னைல அண்ணா யுனிவர்சிட்டி ஆர்க்கிடெக்சர் பிளானிங் ஸ்கூல் ரெண்டையும் பசங்களுக்கு சொல்லி வெச்சாரு. கோச்சிங் சென்டர் விளம்பரம் மாதிரி இது தங்க முட்டை வேலைன்னு சொல்லல, பிரைவேட்ல கூடப் படிச்சவன் பெரிய ஆபீஸ் வெச்சிருக்கறத பாத்துட்டு தான் தினம் பைல தூக்கணும்னும் சொன்னாரு. ஆனா ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டு, பத்தாயிரக்கணக்குல வீடு, இந்த அளவுக்கு சாதாரண ஜனங்க தினம் புழங்கற கட்டடத்துல கை வைக்கற வாய்ப்பு வேற எங்க கிடைக்கும்னு அவரு கேட்டப்ப என் பொண்ணு முகத்த பாத்தேன். வீட்டுக்கு வந்தும் அவ இதையே தான் பேசிட்டு இருந்தா.

ஒன்னு இங்க சொல்லணும். ஒரே ஆள தெய்வமாக்கற பழக்கம் சார்கிட்ட இல்ல. சுப்ரீம் கோர்ட்டு கட்டினது கணேஷ் பிகாஜி தேவ்லாலிகர், சிபிடபிள்யூடிக்கு தலைமை ஏத்த முதல் இந்தியர், அவரு பாணி வேற, பழைய லட்யன்ஸ் டெல்லியோட ஒட்டிப் போற தூணும் குவிமாடமும். ரஹ்மான் பாணி வேற. ஒரே டிபார்ட்மென்டுக்குள்ள, ஒரே நேரத்துல, புது நாட்டோட முகம் எப்படி இருக்கணும்னு ரெண்டு விதமா யோசிச்சாங்கன்னு சொன்னாரு. குவார்ட்டர்ஸ் பத்தி யாரோ கேட்டப்பவும், ஆர்.கே.புரத்துல அடுக்குமாடி குவார்ட்டர்ஸ் 1965ல ரஹ்மான் போட்டது, ஆனா சுத்தி இருக்கற ரெண்டு மாடி வீடெல்லாம் வேற பல பேரு கைன்னு பிரிச்சு சொன்னாரு. நான் வளந்தது அந்த மாதிரி ஒரு ரெண்டு மாடி குவார்ட்டர்ஸ்ல தான், நடுவுல பார்க், சுத்தி வீடு, அம்மா மாடில வடாம் காயப் போட்டா எதிர் வீட்டுலருந்து காக்கா விரட்டுவாங்க. அந்த நெருக்கமும் யாரோ பிளான் ஷீட்டுல போட்ட கோடு தான்னு நினைக்கறப்ப, முகம் தெரியாத அந்த ஆளுக்கு நன்றி சொல்லணும் போல இருந்துச்சு.

கடைசி ஸ்டாப் ஐடிஓ. விகாஸ் மினார், டிடிஏ ஆபீஸ், இதுவும் ரஹ்மான் டிசைன், 70கள்ல வந்தப்ப டெல்லில ரொம்ப உயரமான கட்டடங்கள்ல ஒன்னு. பக்கத்துலயே அவரோட இந்திரபிரஸ்த பவனும் இருக்கு. டிடிஏ 1957ல வந்துச்சு, முதல் மாஸ்டர் பிளான் 1962, அதுக்கு அமெரிக்காவோட ஃபோர்டு ஃபவுண்டேஷன் ஆளுங்க ஆல்பர்ட் மேயர் தலைமைல வந்து உதவி பண்ணாங்க. அந்த பிளான் 1981 வரைக்கும்னு போட்டது, அடுத்த பிளான் அமலுக்கு வந்தது 1990ல, அதுக்கடுத்தது 2007ல. நடுவுல வந்த ஜனங்க வீடு கட்டாம காத்துட்டா இருப்பாங்க? அனுமதி இல்லாத காலனி எல்லாம் எப்படி முளைச்சுதுன்றதுக்கு 1981, 1990, 2007ன்ற இந்த மூணு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாலே பெரும்பாதி புரியுது. ஆர்க்கிடெக்ட் ஒரு கட்டடத்துல தப்பு பண்ணா அந்த கட்டடத்தோட போச்சு, பிளானர் லேட் பண்ணா ஊரே தானா வளந்துரும்னு சார் சொன்னாரு.

இங்க தான் என் ஒரு மார்க் குறைஞ்சுச்சு. இவ்வளவு கனமான விஷயத்த உச்சி வெயில்ல ரோட்டோரமா கால் மணி நேரத்துல ஓட்டிட்டாங்க. காரணம், காலைல அரை மணி நேரம் லேட்டா ஆரம்பிச்சது. முப்பது பேருக்கு மேல சேத்துட்டு மைக் இல்லாம மண்டி ஹவுஸ் டிராபிக் நடுவுல பேச விட்டா பின்னாடி நிக்கறவங்களுக்கு ஒன்னும் கேக்கல, ஒரு பெரியவரு பாதிலயே முடியலன்னு மெட்ரோ படில உக்காந்துட்டாரு. குடுத்த ஜெராக்ஸ்ல படம் எல்லாம் கருப்பா இருக்கு, பிளான் ஒன்னு கூட படிக்க முடியல. ஞாயித்துக்கிழமை வெச்சதால கட்டடங்கள வெளிலருந்து தான் பாக்க முடியுது, மாடிப்படி, வெராந்தா, உள்ள வெளிச்சம் வர்ற விதம் எதுவும் இல்ல, வேலை நாள்ல லைப்ரரியோட சேத்து ஒரு வாக் வெச்சா பாதி குறை தீந்துரும். டாய்லெட் எங்க இருக்குன்னு முன்னாடியே பாத்து வெக்கணும், வயசானவங்களும் பொம்பளைங்களும் நிறைய வராங்க. இதெல்லாம் அவங்ககிட்ட நேராவே சொல்லிட்டேன், நல்லபடியா கேட்டுக்கிட்டாங்க.

இருந்தாலும் நாலு மார்க் குடுக்கறேன்னா, இந்த கட்டடங்கள் ரொம்ப நாள் இருக்குமான்னு தெரியாத நேரத்துல இத பண்றாங்க. ஐடிஓ பக்கத்து ஐபி எஸ்டேட்ல ரஹ்மான் 60கள்ல கட்டின டபிள்யூஹெச்ஓ கட்டடம் இடிச்சாச்சு. பிரகதி மைதான்ல ராஜ் ரேவால், இன்ஜினியர் மகேந்திர ராஜ் சேந்து 1972ல கட்டின ஹால் ஆஃப் நேஷன்ஸ 2017 ஏப்ரல்ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சாங்க, 60 வருஷம் ஆகலன்னா ஹெரிடேஜ் இல்லன்னு அப்ப ஒரு கணக்கு சொன்னாங்க. சரோஜினி நகர், நேதாஜி நகர், தியாகராஜ் நகர்னு ஏழு குவார்ட்டர்ஸ் காலனிய இடிச்சு கட்ட 2016ல கேபினட் ஒத்துக்கிச்சு, 2018ல மரம் வெட்டறத எதிர்த்து ஜனங்க தெருவுக்கு வந்து ஹைகோர்ட்டு நிறுத்தி வெச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வீடு பத்தல, புதுசா கட்டணும்றது நிஜம், அத நான் மறுக்கல. ஆனா இடிக்கறதுக்கு முன்னாடி யாரு போட்டது, ஏன் அப்படி போட்டதுன்னு அளந்து வரைஞ்சு படம் எடுத்து வெக்கவாவது வேணாமா? அரண்மனைக்கு இருக்கற மரியாதை கிளார்க் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கும் வேணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

அடுத்து ஆர்.கே.புரத்துலயே ஒரு வாக் போடறதா பேச்சு இருக்கு. தமிழ் சங்கத்துலருந்து கிளம்பி அடுக்குமாடி குவார்ட்டர்ஸ் வழியா மலை மந்திர்ல முடிக்கலாம்னு நான் சொல்லிருக்கேன். போறவங்க தொப்பியும் தண்ணியும் எடுத்துட்டு போங்க, ஆரம்பத்துலயே சாருக்கு பக்கத்துல போயி நின்னுக்கோங்க, பசங்கள கேள்வி கேக்க விடுங்க. உங்க வீட்டுல பழைய குவார்ட்டர்ஸ் போட்டோ, அலாட்மென்ட் லெட்டர், யாராச்சும் பெரியவங்க சிபிடபிள்யூடிலயோ டிடிஏலயோ வேலை பாத்திருந்தா அவங்க வெச்சிருந்த ப்ளூபிரிண்ட் ஏதாவது பரண்ல கிடந்தா தூக்கிப் போடாதீங்க, ஒரு காப்பி எடுத்து அந்த குழுகிட்ட குடுங்க, அவங்க எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சேத்துட்டு இருக்காங்க.